சினை நண்டைத் திருப்பி விட்டதற்கு நான்கு காரணங்கள்: வயது ஏற ஏற நியாயம் மாறுகிறதா?

வடகரை_வாத்தியார் (சனி, இரவு 9.12)

மண்டபம் வடக்குக் கரைக்காரன் நான். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். விடுமுறை நாளில் அப்பாவின் நாட்டுப்படகு கரைக்கு வந்ததும் நண்டு கழற்றப் போய்விடுவேன். இன்று காலை அங்கே நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

வலையைத் தார்ப்பாயில் கொட்டி ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எல்லாம் நீலக்கால் நண்டு. கொடுக்கில் வலை இழை நாலு சுற்றுச் சுற்றியிருக்கும். அவசரப்பட்டு இழுத்தால் கால் முறியும், கால் முறிந்தால் விலை குறையும். ஒரு பெட்டை நண்டைப் புரட்டினேன். வயிற்று மடலுக்கு வெளியே ஒரு கைப்பிடிச் சினை தள்ளிக்கொண்டிருந்தது. மஞ்சளாக இருந்தால் பொரிய இன்னும் நாள் இருக்கிறது. இது காப்பித்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. அப்பா ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீர்வரை நடந்துபோய் விட்டுவிட்டு வந்தார். எங்கள் பக்கத்துக் கடல் ஆழமில்லாதது; இடுப்பளவுக்குப் போக நல்ல தூரம் நடக்க வேண்டும். அவருக்கு 68 வயது.

வாத்தியார் புத்தி சும்மா இருக்கவில்லை. "ஏன் விட வேண்டும்?" என்று சுற்றி இருந்தவர்களைக் கேட்டேன்.

ஏழு வயது மகன்: "விடாவிட்டால் தாத்தா திட்டுவார்."

பதின்மூன்று வயது மகள்: "நாம் மட்டும் விட்டு என்ன பயன்? பக்கத்துப் படகில் எல்லாவற்றையும் எடைக்குப் போடுகிறார்கள். எல்லோரும் விட வேண்டும் என்று விதி போட்டால்தான் நியாயம்."

அப்பா: "அடுத்த பருவத்துக்குப் பாடு வேண்டாமா?" (பாடு என்றால் வலையில் கிடைப்பது.)

அம்மா தலையைக்கூட நிமிர்த்தவில்லை: "பிள்ளைத்தாய்ச்சியை யாராவது காசாக்குவார்களா?"

பி.எட். படித்தபோது கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஒழுக்க வளர்ச்சிப் படிநிலைகளை மனப்பாடம் செய்து தேர்வில் கொட்டினேன். தண்டனைக்குப் பயப்படுவது முதல் படி. அதில் மகனை உட்கார வைத்துவிட்டேன். மகள் விதியைப் பெரிதாகப் பார்க்கும் நாலாம் படியை எட்டிப் பார்க்கிறாள் என்று தோன்றுகிறது. அப்பா சொன்னது சொந்த லாபமா, ஊர் லாபமா என்பதைப் பொறுத்து இரண்டாம் படியாகவும் இருக்கலாம், ஐந்தாம் படியாகவும் இருக்கலாம். அம்மாவுக்குத்தான் எந்தப் படியில் மணை போடுவது என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி_வாசகி (சனி, இரவு 10.05)

சார், நான் உளவியல் படித்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கோல்பர்க் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வாகத் தொடங்கி 1958இல் முடித்தது அது. பத்து முதல் பதினாறு வயது வரையிலான பையன்களிடம் கதை சொல்லிக் கேள்வி கேட்டார். மிகவும் பேசப்பட்ட கதை ஹைன்ஸ் என்பவனுடையது. மனைவி சாகக் கிடக்கிறாள். மருந்தைக் கண்டுபிடித்த கடைக்காரர் அடக்க விலையைப்போல் பத்து மடங்கு கேட்கிறார். அலைந்து திரிந்தும் பாதிப் பணம்தான் தேறுகிறது. கடையை உடைத்துத் திருடுகிறான். செய்தது சரியா?

'சரி' என்றாலும் 'தப்பு' என்றாலும் அவருக்கு ஒன்றுதான். ஏன் என்று கேட்டதற்கு வரும் பதிலைத்தான் எடை போட்டார். ஜெயிலில் போடுவார்கள், மனைவி இருந்தால் தனக்கு உதவி, நல்ல கணவன் அப்படித்தான் செய்வான், சட்டம் என்று ஒன்று இருக்கிறது, சட்டமே மனிதர்கள் கூடிப் போட்டதுதானே, உயிர் எதற்கும் மேல்: ஏறக்குறைய இப்படி ஆறு படிகள். அந்தப் பையன்களைச் சுமார் இருபது ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி எடுத்து, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். படியைத் தாண்டிக் குதித்தவர்கள் இல்லை என்னும் அளவுக்குக் குறைவு, ஒவ்வொன்றாகத்தான் ஏறினார்கள். வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றிலும் நாலிலும் நின்றுவிட்டார்கள். ஆறாம் படிக்கு ஆள் கிடைக்காமல் மதிப்பெண் முறையிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். ஆய்வுக்கு எடுத்தது பையன்களை மட்டும் என்று எழுதினேன் அல்லவா? கோல்பர்க்கோடு சேர்ந்து வேலை பார்த்த கரோல் கில்லிகன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். 1982இல் வந்த அவருடைய புத்தகத்தில் பதினோரு வயது ஜேக், ஏமி என்ற இரண்டு பிள்ளைகளிடம் அதே ஹைன்ஸ் கதை. பணத்தைவிட உயிர் பெரிது, திருடலாம் என்று ஜேக் கணக்குப் போடுகிறான். ஏமி கணக்கே போடவில்லை. திருடி ஜெயிலுக்குப் போனால் மனைவியை யார் பார்த்துக்கொள்வது, கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசினால் என்ன, கடன் வாங்கிப் பார்த்தால் என்ன என்கிறாள். பழைய அளவுகோலில் ஏமிக்குக் குறைந்த மதிப்பெண். கில்லிகன் அளவுகோலைச் சந்தேகப்பட்டார். நியாயம் என்று ஒரு பேச்சு இருப்பதுபோல் அக்கறை என்று இன்னொரு பேச்சும் உண்டு, அதுவும் தனக்கென்று ஒரு வழியில் முதிர்கிறது என்றார்.

ஆண் பெண் வேறுபாடு அவர் சொன்ன அளவுக்குப் பெரிதில்லை என்று பின்னால் பலர் காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அம்மாவை ஏணிக்கு வெளியே நிற்கவிடுங்கள். அவர் நண்டைச் சரக்காகப் பார்க்கவில்லை, இன்னொரு பெண்ணாகப் பார்த்திருக்கிறார்.

கணக்கப்பிள்ளை_2 (சனி, இரவு 10.20)

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? இத்தனை ஆராய்ச்சி எதற்கு? இப்போதைய பிள்ளைகள் கைப்பேசியை வைத்துவிட்டு மீன்வலைப் பக்கம் வந்தாலே பெரிய விஷயம்.

கீழக்கரை_காக்கா (ஞாயிறு, காலை 6.48)

சுபஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். தம்பி கணக்கப்பிள்ளை, ஐம்பதில் வளைகிறது. என் முதுகே சாட்சி.

கோல்பர்க்குக்கு முன்னாலேயே சுவிட்சர்லாந்தில் பியாஜே என்ற அறிஞர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கோலி விளையாடி இதை ஆராய்ந்தார். 1932இல் புத்தகமாக வந்தது. அதில் ஒரு கதை: ஒரு பையன் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று கதவைத் தள்ளுகிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் கோப்பைகள் இருந்தது அவனுக்குத் தெரியாது. பதினைந்தும் உடைகின்றன. இன்னொருவன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் எடுக்க ஏறி ஒரே ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் அதிகம் குறும்பு? சின்னப் பிள்ளைகள் பதினைந்து உடைத்தவனைக் கை காட்டும். கொஞ்சம் வளர்ந்தவை ஜாம் திருடனைக் காட்டும். சேதத்திலிருந்து எண்ணத்துக்குப் பார்வை மாறுகிறது என்றார் அவர்.

எனக்கு நாலு பேரப்பிள்ளைகள். பெருநாளைக்கு எல்லோரும் வந்திருந்தபோது சோதித்துப் பார்த்தேன். கோப்பையைக் கண்ணாடித் தம்ளர் ஆக்கினேன், ஜாமைத் தொதல் என்ற எங்கள் ஊர் இனிப்பு ஆக்கினேன். ஐந்து வயதுப் பேத்தி யோசிக்கவே இல்லை: "பதினைந்து உடைத்தவன்." ஒன்பது வயதுக்காரன்: "தொதல் எடுத்தவன், ஏனென்றால் கேட்காமல் எடுத்தான்." புத்தகத்தில் உள்ளபடியே வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்படுவதற்குள் ஆறு வயதுக்காரன் எழுந்தான். "கதவுக்குப் பின்னால் தம்ளர் வைத்தது யார், வாப்பப்பா?"

என் மனைவி அடுப்படியிலிருந்து சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. போன வருடம் அப்படி வைத்து என்னிடம் ஏச்சு வாங்கியது அவர்தான். நான்காவது பிள்ளை தொதல் எங்கே என்று கேட்டது. அதை ஆய்வில் சேர்க்கவில்லை.

கொண்டல் (ஞாயிறு, பிற்பகல் 2.31)

படித்தவர்கள் பேசும் இடத்தில் நுழைகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நண்டை விட்டதற்கு நாலு காரணம் சொன்னார்கள் என்கிறீர்கள். காரணம் சொல்வதற்குக் காசா பணமா? நான் சொன்ன காரணங்களைக் கேளுங்கள்.

1998இல் எனக்குப் பத்தொன்பது வயது. ராமேசுவரத்தில் ஒரு விசைப்படகில் வேலை. இந்தப் பக்கத்துக் கணக்கு உங்களுக்குத் தெரியும்: வாரத்தில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மற்ற நாலு நாள் நாட்டுப்படகுக்கு. சண்டை போட்டு ஓய்ந்து இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டது. நாங்கள் அன்று எங்கள் நாள் இல்லாத நாளில் போனோம். கரையை ஒட்டியும் வந்துவிட்டோம். இரவு இரண்டு மணி இருக்கும். இழுவலையின் மடியை ஏற்றியபோது அதோடு இன்னொருவருடைய வலையும் சுருண்டு வந்தது. நாட்டுப்படகுக்காரருடைய வலை. அறுத்து எறியச் சொன்னார் டிரைவர். கத்தி என் கையில் இருந்தது.

மிதவைக்குப் பழைய செருப்பை வெட்டிக் கட்டியிருந்தார்கள். அதில் ஒன்று சின்னப் பிள்ளையின் செருப்பு, நீல நிறம். வெட்டாமல் முழுதாகவே கட்டியிருந்தது. எந்த ஊர் வலை என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் கட்டுவதில் ஒரு கை உண்டு. அறுத்து எறிந்தேன். தூரத்தில் ஒரு விளக்கு அசைந்தது. நாங்கள் நிற்கவில்லை.

அன்று யாராவது கேட்டிருந்தால் "டிரைவர் சொன்னார்" என்றிருப்பேன். இருபத்தைந்து வயதில் கல்யாண வீட்டில் பேச்சு வந்தபோது "அவர்களும் நம் நாளில் வலை விடுகிறார்கள்" என்று சொன்னேன். முப்பதில் சங்கத்துக் கூட்டத்தில் "டீசல் விலைக்கு நாள் பார்த்தால் கட்டுமா?" என்றேன். பாருங்கள், படி ஏறித்தான் இருக்கிறேன். காரணம் வளர்ந்தது, நான் வளரவில்லை.

முப்பத்தாறில் கடனை உடனை வாங்கிச் சொந்தமாக நாட்டுப்படகு எடுத்தேன். இரண்டாம் மாதமே என் வலையை அறுத்துக்கொண்டு போனார்கள். விடியும்வரை மிதவையைத் தேடினேன். அன்றைக்குத்தான் அந்த விளக்கு ஏன் அசைந்தது என்று தெரிந்தது. கையில் விளக்கை வைத்துக்கொண்டு ஆட்டுவார்கள், "வலை கிடக்கிறது, வராதே" என்று.

தொண்டி_வாசகி (ஞாயிறு, மாலை 5.10)

கொண்டல் அண்ணன், இரண்டு தடவை படித்தேன். படிப்பில் வந்த ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்குப் பதிலாக அல்ல.

நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி இந்தத் துறையின் பழைய தலைவலி. 1928இலேயே ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் பல ஆயிரம் அமெரிக்கப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். தேர்வில் காப்பி அடித்த பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. வீட்டில் பொய் சொல்லாதது பள்ளியில் சொன்னது. நேர்மையான பிள்ளை, நேர்மையற்ற பிள்ளை என்று இரண்டு கட்டாகப் பிரிக்க முடியவில்லை. மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறது என்பவைதான் பெரிதும் தீர்மானித்தன. கோல்பர்க்கும் காரணம் மட்டும் போதும் என்று சொல்லவில்லை. அடுத்தவர் இடத்தில் நின்று பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தவர்கள்தான் படி ஏறுகிறார்கள் என்றார்.

கொண்டல் (ஞாயிறு, மாலை 5.22)

நான் நின்று பார்க்கவில்லை, தங்கச்சி. பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பாசிக்காரி_மகள் (ஞாயிறு, இரவு 8.40)

பாம்பன் பக்கம் எங்கள் வீடு. அம்மா கடல்பாசி எடுக்கப் போவாள். மரிக்கொழுந்துப் பாசிதான் விலை போவது. பாறையில் ஒட்டியிருக்கும், மூச்சடக்கி முங்கிக் கையால் பறிக்க வேண்டும். போவதற்கு முன்பு விரல் ஒவ்வொன்றுக்கும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றுவாள். சின்ன வயதில் அந்தத் துணி முடிச்சை இழுத்துக் கட்டுவது என் வேலை.

இங்கே சட்டம் இரண்டு விதம். மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றும் 1986 முதல் தேசியப் பூங்கா. அது மேலேயிருந்து வந்தது. அதைப் பற்றிப் பேசினால் அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். யார் வருகிறார்கள், எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் பேச்சு. இன்னொன்று பாசி எடுக்கும் பெண்களே கூடிப் போட்டது: மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மற்ற நாள் பாசி வளரட்டும் என்று விட்டுவிடுவது. இதைப் பற்றிப் பேசும்போது அம்மா கைநீட்டிப் பேசுவாள். "நாங்கள் போட்டது" என்பாள்.

ஒரு தடவை எங்கள் தெருப் பெண் ஒருத்தி பதின்மூன்றாம் நாளும் போய்விட்டாள். அபராதம் எதுவும் போடவில்லை. அடுத்த முறை படகுக்கு யாரும் அவளைக் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். அவள் மகனுக்குக் காய்ச்சல், மருந்துக்குக் காசில்லாமல் போனாள் என்று பிறகு தெரிந்தது. அம்மாவே வாசலில் போய் நின்று, "பன்னிரண்டு நாளில் எடுத்ததில் உனக்குக் கொடுக்க மாட்டோம் என்று யார் சொன்னது?" என்று சண்டை போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

வாத்தியார் சார், உங்கள் மகள் கேட்கும் விதியை அவளையே எழுதச் சொல்லுங்கள். அம்மா நாலாம் வகுப்புத்தான். விதிக்குப் பயப்படுவதற்கும் விதியைக் காப்பாற்றுவதற்கும் வித்தியாசம் அவளுக்குத் தெரிகிறது.

கீழக்கரை_காக்கா (ஞாயிறு, இரவு 9.02)

மகளே, பியாஜே கோலியில் கண்டதும் இதுதான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆட்ட விதி ஆண்டவன் போட்டது போல. மாற்றவே கூடாது என்பார்கள், ஆனால் இஷ்டத்துக்கு ஆடுவார்கள். பத்து, பன்னிரண்டு வயதில், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்பார்கள். அப்போதுதான் விதியை மீறாமல் ஆடவும் தொடங்குவார்கள். உம்மாவுக்கு என் சலாம்.

வடகரை_வாத்தியார் (திங்கள், இரவு 9.30)

எல்லோருக்கும் நன்றி. நேற்று இன்னொரு சோதனை செய்தேன், அது உதைத்துவிட்டது.

எலியட் டூரியல் என்ற ஆய்வாளர் பியாஜேயையும் கோல்பர்க்கையும் ஓரிடத்தில் மடக்கியிருக்கிறார் என்று படித்தேன். மூன்று, நாலு வயதிலேயே பிள்ளைகளுக்கு இரண்டு வகை விதி பிரித்துத் தெரிகிறதாம். "டீச்சர் அனுமதித்தால் சீருடை இல்லாமல் வரலாமா?" என்றால் வரலாம் என்கின்றன. "டீச்சர் அனுமதித்தால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கலாமா?" என்றால் கூடாது என்கின்றன. அப்படியானால் சின்னப் பிள்ளை வெறும் பயத்தில் இருக்கிறது என்பது அடிபடுகிறது.

மகனிடம் கேட்டேன். சீருடை, அடி இரண்டும் சொன்னபடியே வந்தன. மூன்றாவதாக, "தாத்தா சரி என்றால் செருப்புக் காலோடு படகில் ஏறலாமா?" என்றேன். இல்லவே இல்லை என்று தலையாட்டினான். யாருக்கும் வலிக்காதே என்றேன். "படகுக்கு?" என்றான்.

தொண்டி_வாசகி (திங்கள், இரவு 10.11)

சார், இதே இடத்தில்தான் ரிச்சர்ட் ஷ்வெடர் என்ற மானுடவியலாளரும் டூரியலும் மோதிக்கொண்டார்கள். 1987இல் வெளியான ஆய்வு. ஒடிசாவின் புவனேசுவரத்திலும் சிகாகோவிலும் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். அப்பா செத்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழி சாப்பிடுகிறான், தப்பா? சிகாகோவில் அது அவன் விருப்பம். புவனேசுவரத்தில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது மிகக் கடுமையான தவறுகளில் ஒன்று. செத்தவருக்குச் செய்யும் தீங்கு அது. எது தீங்கு, யாருக்குத் தீங்கு என்ற பட்டியலே ஊருக்கு ஊர் வேறு. உங்கள் மகன் பட்டியலில் படகும் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை_2 (திங்கள், இரவு 10.40)

கேட்கலாமா என்று தெரியவில்லை. கொண்டல் அண்ணன், அந்த நீலச் செருப்பு வலைக்காரர் இப்போது இருக்கிறாரா? அவரிடம் சொன்னீர்களா?

கொண்டல் (புதன், இரவு 7.55)

இருக்கிறார். இரண்டு ஊர் தள்ளி. கண் சரியாகத் தெரியாததால் கடலுக்குப் போவதில்லை, கரையில் மகன் கொண்டுவரும் மீனை விற்கிறார்.

நேற்றுப் போனேன். சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் போகும்போதே நாலு தடவை சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் "என்ன தம்பி, எந்த ஊர்?" என்றார். ஊரைச் சொன்னேன். பாடு எப்படி என்றார், சுமார் என்றேன். பிறகு அவர் வைத்திருந்த காரல், நகரை எல்லாவற்றையும் விலை பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் மனைவி பையைப் பார்த்துவிட்டு "மீன்காரன் மீன் வாங்கிக்கொண்டு வருகிறானே" என்று சிரித்தாள். அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் முகம் தெரியாததால் எழுதுகிறேன்.

பாசிக்காரி_மகள் (புதன், இரவு 8.15)

அடுத்த முறை போகும்போது சொல்லுங்கள், அண்ணன். மீன் வாங்கவாவது போய்க்கொண்டிருங்கள்.

வடகரை_வாத்தியார் (வியாழன், இரவு 9.05)

கொண்டல் அண்ணன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஊர் பெயர் எதுவும் சொல்லாமல் உங்கள் கதையை மீன்வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிள்ளைகளிடம் சொன்னேன். ஏணி பிடிக்கும் ஆசை இன்னும் விடவில்லை.

விதி, நியாயம் என்று பேசும் மகள், "வலை எத்தனை ரூபாய் இருக்கும், அப்பா?" என்று கேட்டாள்.

மகன் நண்டுக்கொடுக்கில் சிக்கிய இழையை எடுத்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "விளக்கு வைத்திருந்த தாத்தா கூட அப்போது படகில் யாராவது இருந்தார்களா?" என்றான். எனக்குத் தெரியவில்லை என்றேன். உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். தினமும் கேட்கிறான்.

கொண்டல் (வியாழன், இரவு 11.48)

ஒரு விளக்குத்தான் தெரிந்தது. சனிக்கிழமை போகிறேன், கேட்டு எழுதுகிறேன்.